செவ்வியல் தொன்மவியல் அறிமுகப் பாடம்: கதைகள் தெரிந்திருந்தும் மதிப்பெண் வரவில்லை, விலகிவிடலாமா?

இரண்டாமாண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. பட்டம் பெறத் துறைக்கு வெளியே சில கலைப்புலப் பாடங்களையும் முடித்தாக வேண்டும் என்பதால், இந்தப் பருவத்தில் கிரேக்க, உரோமத் தொன்மங்களுக்கான அறிமுகப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளி நாள்களிலேயே கிரேக்கக் கடவுளர் கதைத் தொகுப்புகளை விழுந்து விழுந்து படித்தவள் நான். எனவே இது எனக்குக் கைவந்த பாடமாக இருக்கும், கணக்குப் பாடங்களால் இறங்கிப்போன சராசரியை இதை வைத்துத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். நான்காம் வாரத்தில் அது சரிந்துவிட்டது.

முதல் கட்டுரைக்குப் பாண்டோராவின் கதை எதை விளக்குகிறது என்பது தலைப்பு. அளவு 600 சொற்கள். படித்த ஆசையில் கதையை முழுவதுமாக எழுதினேன். திறக்கக் கூடாது என்று கடவுளர் எச்சரித்துக் கொடுத்த பெட்டியை, ஆவலை அடக்க முடியாமல் பாண்டோரா திறந்துவிட்டாள், தீமைகள் பறந்து வெளியேறின, நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கியது, ஆகவே இக்கதை கீழ்ப்படியாமையின் விளைவை விளக்குகிறது என்று முடித்தேன். நூற்றுக்கு 58 மதிப்பெண் வந்தது. ஓரத்தில் உதவி ஆசிரியர் மூன்றே குறிப்புகளை எழுதியிருந்தார்: "எந்தப் பெட்டி?", "எச்சரித்தார்கள் என்பது எந்த வரியில் இருக்கிறது?", "எந்தப் பாண்டோரா?" மூன்றாவது கேள்வி எனக்கு விளங்கவே இல்லை. பாண்டோரா ஒருத்திதானே?

இனி வரப்போவதை நினைத்தாலும் அச்சமாக இருக்கிறது. இடைத்தேர்வில் பழைய மண்கலங்களின் படங்களைக் காட்டி, அதில் இருப்பவர் யார், எந்தக் காட்சி என்று கேட்பார்களாம். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியோடின் நூலில் ஒரு பக்கத்துக்கு முப்பது பெயர் வருகிறது. அத்தனையையும், அவற்றின் உரோமப் பெயர்களோடு சேர்த்து, மனப்பாடம் செய்ய வேண்டுமா? நம்முடைய புராணங்களோடு ஒப்பிட்டு எழுதினால் அதை ஏற்றுக்கொள்வார்களா? பாடத்திலிருந்து அபராதமின்றி விலகுவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. தொடர்வதா, விலகுவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சிவப்பு மை எழுதியது:

இதைப் போன்ற ஒரு பாடத்தில் மூன்று ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஓரக்குறிப்புகள் சுருக்கமாக இருப்பதால் கடுமையாகத் தோன்றுகின்றன. அவரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்ட மூன்று கேள்விகளுக்குள் இந்தப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

"எந்தப் பாண்டோரா?" என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ கி.மு. 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஹெசியோட் இந்தக் கதையை இரண்டு நூல்களில் இரண்டு விதமாகச் சொல்கிறார். கடவுளரின் பிறப்பைப் பாடும் 'தியோகனி'யில், புரோமிதியஸ் நெருப்பைத் திருடியதற்குத் தண்டனையாக ஜீயஸ் ஒரு பெண்ணைச் செய்விக்கிறார். கைவினைக் கடவுளான ஹெஃபெஸ்டஸ் மண்ணால் அவளை வனைகிறார். அதீனா வெள்ளியாடை உடுத்துகிறாள். தலையில் விலங்கு உருவங்கள் செதுக்கிய பொன்முடி ஏறுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அங்கே பெயரே கிடையாது. கலமும் கிடையாது, திறப்பதும் கிடையாது. "அழகிய தீமை" என்று அவளைக் குறிப்பிட்டுவிட்டு, தேன்கூட்டில் உழைக்காமல் உண்ணும் ஆண் தேனீக்களுக்குப் பெண்குலத்தை ஒப்பிடுகிறார் கவிஞர். (உயிரியலில் அவர் ஆண் பெண் உவமையைத் தலைகீழாக்கிவிட்டார் என்று மாணவர்கள் ஆண்டுதோறும் சிரிப்பார்கள், அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் உண்டு.) இந்த வடிவத்தில் தீமை என்பது அவள் செய்த செயலால் வருவதன்று, அவள் வந்ததே தீமை என்கிறது பாட்டு.

'வேலைகளும் நாள்களும்' என்ற மற்றொரு நூலில்தான் அவளுக்குப் பாண்டோரா என்ற பெயர் வருகிறது; ஒலிம்பஸில் உறையும் அனைவரும் அவளுக்குக் கொடை அளித்ததால் அந்தப் பெயர் என்று நூலே விளக்கம் சொல்கிறது. கலமும் இங்கேதான் வருகிறது. மூலத்தில் உள்ள சொல் 'பித்தோஸ்'. தானியம், எண்ணெய், மது ஆகியவற்றைச் சேமித்து வைக்கும் பெரிய மண்தாழி அது. சில தாழிகள் ஆள் உயரம்கூட இருக்கும். கையில் ஏந்தும் பெட்டியாக அது மாறியது 16ஆம் நூற்றாண்டில், எராஸ்மஸ் என்ற அறிஞர் இலத்தீனில் எழுதும்போது தாழியைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாகச் சிமிழைக் குறிக்கும் 'பிக்ஸிஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தியதால். ஆக, நீங்கள் எழுதிய பெட்டி ஹெசியோடுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். திறக்காதே என்று பாண்டோராவிடம் எவரும் சொல்வதாக ஹெசியோடில் ஒரு வரி இல்லை. எச்சரிக்கப்பட்டவன் அவளை ஏற்றுக்கொண்ட எபிமெதியஸ், ஜீயஸிடமிருந்து எந்தப் பரிசையும் வாங்காதே என்று அண்ணன் புரோமிதியஸ் சொல்லியிருந்ததை அவன் மறந்துவிடுகிறான். அவளுக்கு ஆவல் இருந்தது என்றும் நூல் சொல்லவில்லை. தாழியின் பெரிய மூடியை அவள் கைகளால் அகற்றினாள், உள்ளிருந்தவை சிதறின, நம்பிக்கை மட்டும் விளிம்புக்குக் கீழே தங்கியது, அவ்வளவுதான். தாழி யாருடையது, எப்படி அங்கே வந்தது என்றுகூடச் சொல்லவில்லை. ஆவலும் தடையும் பின்னால் கதை சொன்னவர்கள் பொருத்திய உறுப்புகள். கீழ்ப்படியாமை என்று நீங்கள் எழுதியபோது, உங்களை அறியாமலே ஏவாளின் கதையை இதற்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். அதுவும் உங்கள் தவறன்று. பல தொகுப்புகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இனித்தான் கட்டுரையே தொடங்குகிறது. ஒரே கவிஞர் ஒரே கதையை ஏன் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும்? 'தியோகனி' ஜீயஸின் ஆட்சி எப்படி நிலைபெற்றது என்பதைப் பாடும் நூல். அங்கே இந்தக் கதை, ஜீயஸை ஏமாற்ற எவராலும் முடியாது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. 'வேலைகளும் நாள்களும்' தந்தைவழிச் சொத்தில் கூடுதல் பங்கைச் சுருட்டிக்கொண்ட பெர்சஸ் என்ற தம்பியை நோக்கிப் பாடப்படுவது. வயலில் இறங்கி உழைத்துச் சாப்பிடு என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். எனவே ஒருநாள் உழைத்தால் ஓராண்டு உண்ணலாம் என்ற நிலை ஏன் போயிற்று, மனிதன் ஏன் பாடுபட வேண்டியதாயிற்று என்பதற்கு அதே கதை விடையாகிறது. சேமிப்புத் தாழி அங்கே வருவதும் அதனால்தான் பொருந்துகிறது. வீட்டின் தானியம் இருக்க வேண்டிய கலத்தில் துன்பங்கள் இருக்கின்றன. "இக்கதை எதை விளக்குகிறது" என்ற கேள்விக்கு, "எந்த நூலில்?" என்று திருப்பிக் கேட்பவருக்குத்தான் 80க்கு மேல் மதிப்பெண் போடுவோம்.

இன்னொன்று, மேற்கோள் காட்டும்போது பக்க எண் எழுதாதீர்கள். வரி எண் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு பக்கம் மாறும், வரி எண் மாறாது. வகுப்பில் கேட்ட விரிவுரையை மேற்கோளாகக் காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். தெரிந்த கதைதானே என்று மூலத்தைத் திறக்காமல் எழுதுவோர்தான், எங்கள் அனுபவத்தில், முதல் கட்டுரையில் அதிகமாக அடிபடுகிறவர்கள். கதையே தெரியாமல் வகுப்புக்கு வந்தவர்கள் வேறு வழியின்றி நூலைப் படித்துவிடுவார்கள். நீங்கள் விலக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மாலைநேர வகுப்பு எழுதியது:

மேலே எழுதியவரோடு நான் முழுவதும் உடன்படவில்லை. இந்தப் பாடம் நல்ல பாடம்தான், ஆனால் சராசரியை உயர்த்தும் பாடம் அன்று. வாரத்துக்கு ஒரு நாடகம் அல்லது காப்பியத்தின் மூன்று நான்கு காண்டங்கள் படிக்க வேண்டியிருக்கும். இதே பருவத்தில் உங்களுக்கு ஆய்வுக்கூடத்தோடு கூடிய கணினிப் பாடங்கள் மூன்று இருக்குமானால், இப்போது விலகிவிட்டு, சுமை குறைந்த பருவத்தில் மீண்டும் எடுங்கள். நான் விலகாமல் தொடர்ந்து, இரண்டு பாடங்களையும் கோட்டைவிட்டவன். கோடை விடுமுறையில் தனியாக எடுத்தபோது, அதே பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பானைப் பைத்தியம் எழுதியது:

நான் கட்டடப் பொறியியல் படித்தவன். இதே போன்ற கட்டாயத்தால்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன். படங்களைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பயந்துபோய் உள்ளே சென்று அதில்தான் அதிக மதிப்பெண் வாங்கினேன்.

முகத்தைப் பார்த்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது; கலங்களில் எல்லா முகமும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் என்ன இருக்கிறது, தோளில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். சிங்கத்தோல் போர்த்தித் தடி வைத்திருப்பவர் ஹெராக்கிளீஸ். சிறகு முளைத்த காலணியும் பாம்பு பின்னிய கோலும் இருந்தால் ஹெர்மீஸ். முச்சூலம் பொசைடனுக்கு. விளிம்பில் பாம்புகள் நெளியும் மார்புக்கவசம் அதீனாவுக்கு. கொடி மாலை சூடி இரண்டு கைப்பிடியுள்ள குடிகலத்தோடு இருப்பவர் டயோனிசஸ். கோயிலில் வேல் இருந்தால் முருகன், சக்கரம் இருந்தால் பெருமாள் என்று சிறுவயதிலேயே பிரித்தறிந்த நமக்கு இது புதிய கலையே அன்று. அதன்பின் பாணியைப் பார்க்க வேண்டும். செம்மண் நிறப் பின்னணியில் கறுப்பு உருவங்கள் இருந்தால் முந்தியது. கறுப்புப் பின்னணியில் செம்மண் நிற உருவங்கள் இருந்தால் ஏறத்தாழ கி.மு. 530க்குப் பிந்தியது. கறுப்பு உருவ ஓவியங்களில் பெண்களின் தோலுக்கு வெள்ளை பூசியிருப்பார்கள் என்பதும் உதவும்.

எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் முழுவதும் ஒரே ஒரு கலத்தைப் பார்த்தோம். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள பிரான்சுவா கலம் அது; கி.மு. 570ஐ ஒட்டி எர்கோடிமஸ் என்ற குயவர் வனைந்து, கிளைடியாஸ் என்ற ஓவியர் தீட்டியது. 200க்கும் மேற்பட்ட உருவங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெலியஸுக்கும் தீட்டிஸுக்கும் நடந்த திருமணத்துக்குக் கடவுளர் வரிசையாக வருகிறார்கள். அந்தத் தம்பதியின் மகன்தான் அக்கிலிஸ். மேலடுக்கில் காலிடன் காட்டுப்பன்றி வேட்டை நடக்கிறது. இன்னோர் இடத்தில் அக்கிலிஸின் நண்பன் பாட்ரோக்ளஸின் ஈமச்சடங்குத் தேர்ப்பந்தயம் ஓடுகிறது. பல உருவங்களுக்கு அருகே பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. நாய்களுக்குக்கூடப் பெயர் உண்டு. 1900ஆம் ஆண்டில் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் கோபத்தில் முக்காலியை வீசியதில் அது 638 துண்டுகளாக உடைந்தது. பொறுக்கியெடுத்து ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடுக்காக நீங்களே அடையாளம் சொல்லிப் பாருங்கள். தேர்வுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் எக்ஸீக்கியாஸ் தீட்டிய சாடி ஒன்றும் இருக்கிறது. ட்ராய்ப் போர் வீரர்களான அக்கிலிஸும் அயாக்ஸும் போர்க்கவசத்தோடு, ஈட்டிகளைத் தோளில் சாய்த்தபடி, சிறு மேடைமேல் குனிந்து காய் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அக்கிலிஸின் வாயருகே "நான்கு" என்ற சொல்லும் அயாக்ஸின் வாயருகே "மூன்று" என்ற சொல்லும் எழுதப்பட்டிருக்கின்றன. எஞ்சியிருக்கும் எந்தக் கிரேக்க நூலிலும் இந்தக் காட்சி இல்லை. தேர்வில் இந்தப் படம் வந்தபோது பாதி வகுப்பு, அந்தப் போரைப் பாடும் ஹோமரின் காப்பியமான "இலியட்" என்று எழுதிவிட்டது. படங்கள் நூலுக்கு வரையப்பட்ட விளக்கங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஓவியரும் கதை சொல்பவர்தான்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். 'தியோகனி'யில் கடல்முதியவர் நெரியஸின் ஐம்பது மகள்களின் பெயர் வரிசையாக வரும். அதை மனப்பாடம் செய்ய நான் முயன்றேன், செய்யாதீர்கள். யுரேனஸ், அவரை வீழ்த்திய குரோனஸ், அவரை வீழ்த்திய ஜீயஸ் என்ற மூன்று தலைமுறையும், ஒலிம்பஸ் கடவுளர் பன்னிருவரின் கிரேக்க, உரோமப் பெயர்களும் தெரிந்தால் போதும். மற்றவை படிக்கப் படிக்கத் தாமாகவே மனத்தில் தங்கும்.

பழைய ஏடு எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கிரேக்க மொழி அறியேன். மொழிபெயர்ப்புகள் வழியாகவும், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இணையத்தில் கட்டணமின்றி வழங்கிய தொன்மவியல் பாடத்தின் வழியாகவும் கற்றவன். நம் புராணங்களோடு ஒப்பிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

முதலில், "எந்தப் பாண்டோரா?" என்ற கேள்வி உங்களுக்குப் புதியதாகத் தோன்றினாலும், அதன் பழக்கம் உங்களுக்கு வீட்டிலேயே இருக்கிறது. இராவணன் சீதையை எப்படிக் கவர்ந்தான் என்று கேட்டால், வான்மீகியிலா கம்பனிலா என்று நாம் திருப்பிக் கேட்போம். வான்மீகியில் அவன் அவளைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். அகலிகை கம்பனில் கல்லாகிறாள். வான்மீகியில் சாம்பலில் கிடந்து, காற்றையே உணவாகக் கொண்டு, எவர் கண்ணுக்கும் தெரியாமல் தவமிருக்கிறாள். இந்த வேறுபாடுகளைப் பட்டிமன்றத்தில் கேட்டுக் கைதட்டியிருப்பீர்கள். அதே கண்ணைக் கிரேக்கத்தின் பக்கம் திருப்பினால் போதும். தந்தையைக் கொன்று தாயை மணந்தது தெரிந்ததும் ஈடிபஸ் கண்களைக் குத்திக்கொண்டு நாட்டைவிட்டு அலைந்தான் என்று நாடகங்கள் வழியாக அறிகிறோம். ஹோமரின் 'ஒடிசி'யின் பதினொன்றாம் காண்டத்தில் சில வரிகளில் வரும் ஈடிபஸோ, உண்மை வெளிப்பட்ட பிறகும் தீப்ஸை ஆண்டுகொண்டுதான் இருக்கிறான். தாயின் பெயரும் அங்கே யொகாஸ்டா அன்று, எபிகாஸ்டா. மெடியா தன் பிள்ளைகளைத் தன் கையால் கொல்வது யூரிப்பிடீஸ் கி.மு. 431இல் மேடையேற்றிய நாடகத்தில். கொரிந்து மக்களே அவர்களைக் கொன்றார்கள் என்ற மரபும் இருந்தது. அந்த ஆண்டுப் போட்டியில் யூரிப்பிடீஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

இரண்டாவது, இவர்தான் அவர் என்று முடிச்சுப் போடுவதில் மிகவும் கவனமாக இருங்கள். ஜீயஸ் இடியை ஏந்துகிறார், இந்திரன் வச்சிரத்தை ஏந்துகிறான், ஆகவே இருவரும் ஒருவரே என்று எழுதத் தோன்றும். மொழியியல் வேறு திசையைக் காட்டுகிறது. ஜீயஸ் என்ற பெயருக்கு உறவானது வேதத்தில் வரும் த்யௌஸ் என்னும் வானத்தந்தையின் பெயர். உரோமரின் ஜூபிடரும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பெயர். பெயர் த்யௌஸோடு போகிறது, தொழில் இந்திரனோடு போகிறது. அதே சமயம் மகன் தந்தையை வீழ்த்தி வானுலக ஆட்சியைப் பிடிக்கும் கதைக்கு மிக நெருங்கிய உறவைத் தேடினால், அது இந்தியாவிலும் இல்லை. இன்றைய துருக்கியில் உள்ள ஹட்டுசாவில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் இருக்கிறது. அங்கே குமர்பி என்ற கடவுள் வான்கடவுள் அனுவின் ஆண்குறியைக் கடித்து விழுங்குகிறார். அதனால் அவர் வயிற்றிலேயே கருவாகும் புயற்கடவுள் பின்னர் அவரை வெல்கிறார். குரோனஸ் தன் தந்தையின் ஆண்குறியை அரிவாளால் அறுத்ததையும் பிள்ளைகளை விழுங்கியதையும் இதன் அருகே வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். அந்தப் பலகைகள் ஹெசியோடுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. ஒற்றுமையைக் காண்பது எளிது. அது பொதுமூதாதையால் வந்ததா, அண்டை நாட்டிலிருந்து வந்ததா, தற்செயலா என்று பிரித்துச் சொல்வதுதான் கட்டுரை.

முடிச்சுப் போடும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஒரு சுவையான சான்று சொல்கிறேன். செலூக்கஸின் தூதராகச் சந்திரகுப்த மௌரியரிடம் வந்த மெகஸ்தனிஸ், இங்கே வழிபடப்பட்ட ஒரு தெய்வத்தை ஹெராக்கிளீஸ் என்றே எழுதிவிட்டார். அவருடைய நூல் அழிந்துபோயிற்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அர்ரியன் என்ற கிரேக்க எழுத்தாளர் எடுத்தாண்ட பகுதிகள் நமக்குக் கிடைக்கின்றன. மெத்தோராவைச் சேர்ந்த சூரசேனர் அந்தத் தெய்வத்தைப் போற்றினர் என்ற குறிப்பைக் கொண்டு, அது வடமதுரைக் கண்ணன் என்று பலர் கருதுகின்றனர். அந்த 'ஹெராக்கிளீஸ்' தன் ஒரே மகள் பண்டையாவுக்கு ஒரு நாட்டை ஆளக் கொடுத்தார், அவள் பெயரே நாட்டுக்கும் பெயராயிற்று, அவளை அணிசெய்யவே கடலிலிருந்து முத்துகளைத் திரட்டினார் என்றும் அங்கே வருகிறது. முத்தும் பாண்டிய நாடும் என்று நம் காதில் விழுகிறது. ஆய்வாளர்களும் அப்படியே இணைத்துப் பார்த்திருக்கின்றனர். ஒரு கிரேக்கர் தமக்குத் தெரிந்த பெயரை நம் தெய்வத்தின்மேல் ஒட்டிவிட்டுப் போனதால், அந்தத் தெய்வத்தின் உண்மைப் பெயரைத் தேடி இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்கள் ஜீயஸின்மேல் இந்திரனை ஒட்டினால் உங்கள் வாசகருக்கும் அதுவே நேரும். ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒப்பீட்டுக்கு இடமுள்ள தலைப்பாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இரண்டாமாண்டு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு 'தியோகனி'யை முதல் வரியிலிருந்து கடைசி வரை, 1022 வரிகளையும், ஒரே இருப்பில் வாய்விட்டுப் படித்தேன். ஐம்பது மகள்களின் பெயர் வந்த இடத்தில், ஐயா சொன்னதைப் போல, கோயிலில் நாமாவளி கேட்பது போன்ற ஓர் உணர்வு வந்தது. ஐயா அப்படிச் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன், மன்னிக்கவும். பெயரில்லாத அந்தப் பெண்ணின் பொன்முடியில் விலங்குகள் செதுக்கப்பட்டிருப்பதை நானே கண்டு அடிக்கோடிட்டேன். விலகுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்; அதற்குப் பதிலாக ஆய்வுக்கூடப் பாடம் ஒன்றைக் கோடைக்குத் தள்ளிவைக்கிறேன்.

அடுத்த கட்டுரைக்கு பயிர்த்தெய்வம் டிமீட்டரின் மகள் பெர்செபொனி கவர்ந்து செல்லப்பட்ட கதையை, டிமீட்டரைப் பற்றிய ஹோமரியத் துதிப்பாடலிலும் உரோமக் கவிஞர் ஓவிட்டின் 'உருமாற்றங்க'ளிலும் ஒப்பிட்டு எழுத வேண்டும். அளவு 1200 சொற்கள். இரண்டையும் ஒருமுறை படித்துவிட்டேன். வேறுபாடுகள் இருபதுக்கு மேல் வருகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியவில்லை.

சிவப்பு மை எழுதியது:

இருபதையும் எழுதினால் அது பட்டியலாகிவிடும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பயன்படும் மூன்று வேறுபாடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால், "இது யார் செய்த குற்றம்?" என்று கேட்பேன்.

துதிப்பாடலின் மூன்றாம் வரியைப் பாருங்கள். பாதாளக் கடவுள் ஹேடீஸ் பறித்தான் என்ற வினையும், ஜீயஸ் கொடுத்தான் என்ற வினையும் அந்த ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. தந்தை கொடுத்ததால் அது திருமணம், தாயைக் கேளாமல் கொடுத்ததால் அது கொள்ளை. அந்த வரி இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. டிமீட்டரின் சினம் ஹேடீஸோடு நிற்காமல் ஜீயஸை நோக்கித் திரும்புவதும், அவள் விளைச்சலை நிறுத்திக் கடவுளருக்குப் படையலே கிடைக்காமல் செய்வதும் அதிலிருந்து பிறக்கின்றன. ஓவிட்டில் தொடக்கமே வேறு. பாதாளம் மட்டும் இன்னும் காதலின் ஆட்சிக்கு அடங்கவில்லையே என்று வீனஸ் தன் மகன் கியூப்பிடிடம் அம்பெய்யச் சொல்கிறாள். இங்கே ஹேடீஸின் இடத்தில் வரும் புளூட்டோ அந்த அம்பு பட்டவன். இடமும் மாறுகிறது: துதிப்பாடலில் நைசா சமவெளி, ஓவிட்டில் சிசிலியின் ஹென்னா அருகே உள்ள ஏரிக்கரை.

மாதுளையை விட்டுவிடாதீர்கள். துதிப்பாடலில் ஹேடீஸ் அவளுக்கு மாதுளை விதையை மறைவாகக் கொடுக்கிறான். பின்னர் தாயிடம் பேசும்போது, வலிந்து உண்ணச் செய்தான் என்கிறாள் பெர்செபொனி. கதை சொல்பவர் முன்பு சொன்னதையும் அவள் இப்போது சொல்வதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அவள் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறாளா, அல்லது நமக்கு முதலில் குறைத்துச் சொல்லப்பட்டதா என்பது திறந்தே கிடக்கிறது. ஓவிட்டில் அவளே தோட்டத்தில் உலவும்போது பழத்தைப் பறித்து ஏழு விதைகளை உண்கிறாள். அதைப் பார்த்துக் காட்டிக்கொடுத்த அஸ்கலாஃபஸ் ஆந்தையாக மாற்றப்படுகிறான். ஆண்டுக் கணக்கும் வேறு: துதிப்பாடலில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்துக்கு, இரண்டு பங்கு தாய்க்கு, ஓவிட்டில் சரிபாதி.

ஓவிட்டில் இந்தக் கதையை ஓவிட் நேரடியாகச் சொல்லவில்லை என்பதையும் கவனித்தீர்களா? பியரஸின் மகள்கள் கலைத்தெய்வங்களைப் பாட்டுப்போட்டிக்கு அழைக்கிறார்கள்; கலைத்தெய்வங்களின் சார்பில் கலையோப்பி பாடுவது இந்தக் கதை; நடுவர்களாக நீர்த்தேவதைகள் அமர்ந்திருக்கிறார்கள். அவள் பாட்டில் சையனி, அரெத்தூசா என்ற நீர்த்தேவதைகளுக்கு இவ்வளவு இடம் ஏன் கிடைத்தது என்று அதை வைத்தே ஒரு பத்தி எழுதலாம். போட்டியில் வென்றவர்கள் கலைத்தெய்வங்கள்தாம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைசியாகச் சொல் தேர்வு பற்றி. உங்கள் பதிவில் "கவர்ந்து செல்லப்பட்ட" என்று எழுதியிருக்கிறீர்கள். மூலத்தின் சொல் பறித்தெடுத்தலைக் குறிப்பது. அவள் கதறினாள் என்று பாடல் சொல்கிறது. குகையிலிருந்து ஹெக்கடியும் வானிலிருந்து சூரியன் ஹீலியஸும் அதைக் கேட்டார்கள். சொல்லை மென்மையாக்கினால், அந்தக் கதறலைக் கேட்டவர்கள் ஏன் கட்டுரையில் இடம்பெற வேண்டும் என்பதே இல்லாமல் போய்விடும். வரைவை எழுதியபின் இங்கே இடுங்கள், வரி எண்களோடு.